ஹொசபேட்டைக் கரடி

மார்ச் 10, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். மலை உச்சியில் மட்டும் ஒரு துண்டு மேகம்.

முடிவு செய்துவிட்டேன். கர்நாடகா. ஹொசபேட்டைக்குப் பக்கத்தில் கரடிச் சரணாலயம். மதியம் பாறைகளில் வெல்லப்பாகு தடவி வைப்பார்களாம். கரடிகள் குட்டிகளோடு இறங்கி வந்து நக்குமாம். தூரத்தில் கோபுரத்தின் மேல் நின்று நாம் பார்க்கலாம்.

போன ஐப்பசியில் விடியுமுன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன வீட்டுக்காரர் மேல் கரடி விழுந்தது. இடது தோளில் பதினாறு தையல். தோள் ஆறிவிட்டது. ஆனால் மனிதர் ஐந்து மாதமாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. எல்லாம் தோட்டத்து வேலைக்காரன் இசக்கிதான் பார்க்கிறான். இவர் டி.வி. முன்னால், ஒரே செய்தியை நாலு சேனலில். ஏர்வாடியிலிருந்து ஒரு அண்ணாச்சி தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்துபோகிறார். ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல்வதாக இவர் சொல்லியிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

என் யோசனை இதுதான். அன்று இருட்டில் இவர் பார்த்தது கரடியின் வாயை மட்டும். முழுக் கரடியையும் ஒருமுறை வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பார்க்கட்டும். முப்பத்து மூன்று வருடம் உயிரியல் நடத்தியவளுக்கு வேறு வைத்தியம் தெரியாது.

சொன்னேன்.

"ஏட்டி, களக்காட்டுல இல்லாத கரடியா? அதப் பாக்க ரெண்டு ரயில் மாறணுமாக்கும்!"

"இங்க உள்ளது உங்களுக்குப் பழக்கமாயிட்டு. பழகாத கரடி ஒண்ணப் பாப்போம்."

முடியாது என்று சொல்லவில்லை. அதுவே பெரிது. உளுந்து ஊறப்போட வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

டிக்கெட் எடுத்தாயிற்று. போனிலேயே, யார் உதவியும் இல்லாமல். ஏப். 18, வெள்ளி. சாயங்காலம் பெருமையாகக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, அன்னைக்குப் பெரிய வெள்ளி."

சர்ச்சில் மூன்று மணி நேர ஆராதனை! பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. எப்படி மறந்தேன்? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் கறிகூட எடுக்காத வீடு, பெரிய வெள்ளியன்று கரடி பார்க்கப் போகிறது.

விழுந்து விழுந்து சிரித்தார். தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் நாலு டிக்கெட் தப்பாக எடுக்கலாம் போலிருந்தது.

ரத்து செய்து மறுபடி எடுத்தேன். ஏப். 22, செவ்வாய், ராத்திரி ரயில். இப்போது சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. சர்ச் வாசலில் போதகர் ஐயர், "டீச்சர் வேட்டைக்குக் கெளம்பிட்டீங்களாமே?" கண்ணால் மட்டும்தான் ஐயா என்றேன்.

கொண்டுபோக:
– இவர் மாத்திரை, 8 நாளுக்கு
– தொப்பி 2
– முறுக்கு (கரடிக்கு இல்லை)
– பைனாகுலர்: தங்கச்சி மகனிடம் கேட்க
– கோடாலித் தைலம்

இசக்கி வாழைப்பூ கொண்டுவந்தான். தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"டீச்சர், அங்கன கெடச்சா ரெண்டு கரடி முடி கொண்டாங்க. பேரப்பய தூக்கத்துல அலறுதான். தாயத்துல வச்சுக் கட்டணும்."

"எங்க வீட்டுக்காரரு சட்டையில அன்னைக்குக் கொத்தா ஒட்டியிருந்துச்சே, அப்ப எடுத்திருக்க வேண்டியதுதான?"

"அப்ப பதட்டத்துல தோணல டீச்சர்."

உள்ளேயிருந்து இவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

மார்ச் 26, புதன்

புழுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

சரணாலயத்தில் வழிகாட்டியாக இருப்பவரோடு போனில் பேசினேன். அவர் அம்மா ஓசூர்க்காரராம், தமிழ் நன்றாகவே பேசுகிறார். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன். டி.வி. சத்தம் பைய குறைந்தது.

"மேடம், கரடிக்குக் கண்ணு மந்தம், காதும் சுமார்தான். மூக்குதான் அதுக்கு எல்லாம். தீனி தின்னும்போது சத்தமில்லாம பக்கத்துல போனீங்கன்னா, பயந்துபோய் அடிச்சிடும். பேசிக்கிட்டோ பாடிக்கிட்டோ போனா பெரும்பாலும் அதுவே ஒதுங்கிப் போயிடும்."

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வகுப்பில் சொன்னதுதான். வீட்டில் சொன்னதில்லை.

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு சரசரன்னு சத்தம் கேட்டுது. தார் வெட்டுத கள்ளன்னு நெனச்சேன். கையும் களவுமாப் புடிக்கணும்னு செருப்பக் கழட்டிட்டு, டார்ச்ச அணச்சிட்டு, பைய பையப் போனேன்."

இவ்வளவு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

"அப்ப அதுவும் பயந்துதான் போச்சு என்ன?" என்றார்.

ஆமாம் என்றேன். இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 5, சனி

பைனாகுலர் வந்தது. மாடியில் சோதனை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் ஒரு காக்கை, கொடியில் யாரோ ஒருவருடைய லுங்கி.

"இங்கன என்னத்தத் தெரியும்? தோட்டத்துல நின்னா மலை நேராத் தெரியும்."

உடனே ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். நான் ஓட்ட, இவர் பின்னால்.

மதியம் பன்னிரண்டு மணி. வேலிக்கு வெளியே நின்று மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பைனாகுலர் மெல்லக் கீழே இறங்கி வாழைக்கு வந்தது. வந்த இடத்தில் நின்றது.

"ஏலே இசக்கி! ஏத்தன் வாழ தார் தள்ளி நிக்கு, முட்டுக் குடுக்காம என்னலே செய்யுத? ஒரு காத்து அடிச்சா அம்புட்டும் கெடக்குமே!"

பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டு வரிசைக்குள் போய்விட்டார். வலது கையால் கம்பு நட்டார், இடது கையால் தாங்கினார். அரை மணி நேரம் கழித்துத்தான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்திருக்கும். சட்டென்று திரும்பி வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. "போவோம்" என்றார்.

பரவாயில்லை. எனக்கு இன்று இது போதும்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்.

அதிகாலை ஆராதனை. இவர் முழுக் குரலில் பாடினார். முன் பெஞ்சுக் குழந்தை திரும்பிப் பார்த்து அழுதது. கல்யாணமான நாளிலிருந்து பைய பாடுங்க என்று இடிக்கிறேன், கேட்டால்தானே.

பத்து மணிக்கு ஏர்வாடி அண்ணாச்சி வந்துவிட்டார். கேக் கொடுத்தேன்.

"என்ன வே, பத்திரம் எழுதிருவமா?"

"கரடியப் பாத்துட்டு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அண்ணாச்சி போன பிறகு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ராத்திரி ரயில். பெட்டி பாதி கட்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு விழித்தேன். கட்டிலில் இவர் இல்லை. குளியலறையில் இல்லை. மாடியில் இல்லை. மூலையில் மம்பட்டியும் இல்லை. வாசலில் நின்று பார்த்தால் மலையே தெரியாத இருட்டு. போன் அடித்தேன். நாலாவது தடவை எடுத்தார். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"எங்க இருக்கிய?"

"மடை மாத்துதேன். ஊருக்குப் போனா ஆறு நாளு காயுமில்லா? இன்னும் நாலு வரிச வாழ கெடக்கு. நீ பெட்டியக் கட்டு."

"இசக்கி இருக்கானா?"

"அவன் ஆறு மணிக்குத்தான் வருவான்."

"பயமா இல்லியா?"

"இல்லாமலா? சரி, அந்த அண்ணாச்சிகிட்ட நீயே சொல்லிரு, குத்தகைக்கு இல்லன்னு. எனக்குச் சங்கடமா இருக்கு. வை, பாட்டு பாதியில நிக்கி."

போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாடிய அதே கீர்த்தனை. இரண்டாவது சரணம், முழுத் தொண்டையில், சுரம் எங்கேயோ, இவர் எங்கேயோ. மூன்றாவது சரணம். நாலாவது. விடிகிறவரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.