நீ எந்தப் பரிஷ்?

ஸ்பிரிங்வேல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

முதியோர் இல்லத்தில் நான் பராமரிக்கும் மார்ஜரி அன்ரி இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். முதல் நாளே, "நீ எந்தப் பரிஷ்?" என்று கேட்டார். நான், "பரிஸில அண்ணாதான் இருக்கிறார், நான் யாழ்ப்பாணம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊராம். அந்தக் காலத்தில் ஏழைகளுக்கு அவரவர் பரிஷ்தான் சோறு போடுமாம். வெளியூர் ஏழைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எல்லை மறக்காதிருக்க, ஆண்டுதோறும் ஊரே சுற்றி நடந்து எல்லைக் கற்களைத் தடியால் தட்டுமாம்.

நேற்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இல்லத்து வேலியைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன். மூலைக்கு மூலை கைத்தடியால் தட்டினார். கடைசி மூலையில் தடியை என்னிடம் தந்து, "நீ தட்டு. இனி நீயும் எங்கட பரிஷ். உன்னை ஒருத்தரும் திருப்பி அனுப்ப ஏலாது" என்றார். என் நிரந்தர வீசா இன்னும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் தட்டிய தட்டில் வேலிப் பலகை ஆடியது, அம்மா.

எங்கள் ஊரின் எல்லையையும் கேட்டார். கிழக்கே வாய்க்கால் என்றேன். மேற்கே எதுவரை என்பது நினைவில்லை. ஐயாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்ரி மணி அடிக்கிறார். போட்டு வாறன்.

உங்கள் மகள்,
தர்மினி