மாந்தோப்பில் கூடாரம் போட்ட அண்ணிக்கு

அண்ணி,

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் அனுப்பியிருந்தார். இது உங்க அண்ணிதானே என்று கீழே கேட்டிருந்தார். நீங்கள்தான். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிய என் மஞ்சள் சுடிதார், மணிக்கட்டில் பச்சைத் துணிப்பட்டை, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் இருந்த கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது. உங்கள் முகம் மட்டும் துல்லியமாக இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'மழைக்கும் நிற்காத ஆட்டம்! இந்த ஆண்டும் சந்திப்போம்' என்று போட்டிருந்தார்கள்.

உங்களைச் சாகவிட்டவர்கள் உங்கள் படத்தைப் போட்டே ஆள் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் புத்தகத்தைப் பார்த்து டைப் அடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊரில் எல்லாரிடமும் அதைக் காட்டியாகிவிட்டது. மிச்சம் இருப்பதை உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு நான் வந்து இறங்கியபோது, ஏன் வந்தாய் என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள். மறுநாள் காலையில் செராமிக் எஸ்டேட்டில் இருந்த நம் யூனிட்டுக்குக் கூட்டிப்போய், சூளையிலிருந்து இறங்கிய கப்புகளுக்கு முன்னால் உட்காரவைத்தீர்கள். ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டி, கீறல் விட்டதைத் தனியாக ஒதுக்குவது உங்கள் வேலை. ஒரு காதில் இயர்போன், மறு காது கப்புக்கு. "இது பாடுது, இது பாடல" என்று சொல்லிக்கொண்டே பிரிப்பீர்கள். அந்த இயர்போனில் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் வாங்கிக் கேட்டேன். பக்திப்பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். தவிலும் கிட்டாரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓட, நடுவில் கனத்த குரலில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சேத்தியாத்தோப்பில் பிறந்து, கல்யாணமாகி விருத்தாசலம் வந்து, இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வந்ததைத் தவிர வேறெங்கும் போகாத என் அண்ணி இதையா கேட்கிறாள் என்று அன்றைக்கு உங்களைப் புதிதாகப் பார்த்தேன்.

அந்தப் பாட்டுக்குழு சேலத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் நடக்கும் இசைத் திருவிழாவில் பாடப்போகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். மூன்று நாள் திருவிழா. தோப்பிலேயே கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். நீங்கள் அதை அண்ணனிடம் மறைக்கவில்லை. சோறு போடும்போது நேராகவே சொன்னீர்கள். அண்ணன் சிரித்தார். "இந்த வயசுல கூடாரமா? சரி, போயிட்டு வாங்க" என்றார். டார்ச் லைட் வாங்கித் தந்ததும் அவர்தான், யூனிட் வேனில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதும் அவர்தான். இதை நான் மறக்கவே மாட்டேன். பிறகு அவர் செய்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கூடாரம் நமக்கு நிற்கவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் படுத்தது. நீங்கள் உள்ளே புகுந்து துணியை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "கலா, நானே மூணு நாளும் இப்பிடி நின்னுடறேன், நீ போயி பாட்டு கேளு" என்றீர்கள். பக்கத்துக் கூடாரத்துக் கோயம்புத்தூர்ப் பெண்கள் வந்து கம்பியைக் கோத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு நீங்கள் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்கள் மூன்று பேரும் உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி உங்கள் தலையைப் பின்னிவிட்டாள். கழிப்பறை வரிசையில் நின்று நின்று கால் வலிக்கிறது என்று முனகியது நான். நீங்கள் வரிசையில் நின்றபடியே மேடையிலிருந்து வரும் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்தது. சாயங்காலம் அந்தக் குழு மேடையேறியபோதும் தூறல் விடவில்லை. எல்லாரும் ஆடினார்கள். நீங்களும் ஆடினீர்கள். உங்களுக்கு ஆடத் தெரியாது அண்ணி. நெல் தூற்றுவதுபோல் கையை வீசினீர்கள். ஆனால் அந்தத் தோப்பிலேயே அவ்வளவு சந்தோஷமாக வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில்தான் யாரோ படம் எடுத்திருக்க வேண்டும்.

கூடாரத்துக்குத் திரும்பியபோது, கை கழுவப் போன கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி குழாய்க் கம்பம் ஷாக் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வரிசையாக ஐந்தாறு குழாய்கள். அவற்றுக்கு மேலே, அதே இரும்புக் கம்பத்தில் விளக்குச் சரம் சுற்றியிருந்தார்கள். வயர் இணைப்பு சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. நீங்கள் உடனே போய், மஞ்சள் பனியன் போட்டு நின்ற விழாக்காரர் ஒருவரிடம் சொன்னீர்கள். சரி என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போனீர்கள், நானும் வந்தேன். இந்தத் தடவை வாக்கிடாக்கி வைத்திருந்த பொறுப்பாளரிடமே சொன்னீர்கள். சின்னப் பிள்ளைகள்கூட வந்திருக்கிறார்கள், விளக்கையாவது அணைத்துவையுங்கள் என்று கேட்டீர்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க என்ஜாய் பண்ணுங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பல் விளக்கக் கிளம்பியவர், குழாயடிக்குப் போகிற வழியில் நின்று மஞ்சள் பனியன்காரரிடம் கேட்டீர்கள். நான் கூடாரத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது. சரி பண்ணியாச்சு என்றுதான் அவர் சொன்னார். நீங்கள் திரும்பி, "கலா, சரி பண்ணிட்டாங்களாம், வா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனீர்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் கீழே கிடந்தீர்கள். யாரோ கட்டையால் உங்கள் கையைக் கம்பத்திலிருந்து தட்டிவிட்டிருந்தார்கள். முதலுதவிக் கூடாரத்தில் பஞ்சும் பாண்டேஜும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும்தான் இருந்தன. ஆம்புலன்ஸ் மேடைக்குப் பின்னால் நின்றது. அதற்கு முன்னால் ஸ்பீக்கர் ஏற்றிவந்த லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். லாரி டிரைவரைத் தேடினார்கள். கோயம்புத்தூர்ப் பெண்களும் இன்னும் சிலரும் உங்களை ஒரு மேசைப் பலகையில் வைத்துச் சேற்றில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். தக்காளி ஏற்றிப்போன ஒரு வேன் நின்றது. வேனில் நான் உங்கள் மார்பை அழுத்திக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து உங்கள் மார்பிலிருந்து என் கையை எடுத்துவிட்டார்.

போலீஸ்காரர் ஒருவரோடு நம் சாமான்களை எடுக்க மறுபடி தோப்புக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே டிரம்ஸ் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்களாம். அதற்குப் பிறகு நிகழ்ச்சி தொடர்ந்ததாம். குழாயடியைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அந்த நாடாவை முந்தின சாயங்காலமே கட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இதுவரைக்கும் நடந்ததில் உங்களுக்கும் பாதி தெரியும். இனிமேல் சொல்வதுதான் உங்களுக்குத் தெரியாதது.

அண்ணன் மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். விழாக்காரர்கள் பக்கத்திலிருந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அவருடைய தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். நீங்கள் குடித்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், கேஸ் என்று போனால் அதெல்லாம் பேப்பரில் வரும், வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள், யோசித்துக்கொள்ளுங்கள் என்று மெதுவான குரலில் அந்த ஆள் சொன்னார். அது பொய் என்று அண்ணனுக்குத் தெரியும். இருமல் மருந்தில் வாடை வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொள்பவர் நீங்கள் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பொய் என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த ஆளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு நர்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கிவந்து திருவிழா வாசலில் உங்கள் மணிக்கட்டில் கட்டிவிட்ட பச்சைப் பட்டையை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். மழையில் ஆடிய கையிலிருந்து அதை வெட்டினார். நம் ஊருக்கு உங்களைக் கொண்டுவந்தபோது, என் சிநேகிதி வீட்டுக்குப் போன இடத்தில் ஹார்ட் அட்டாக் என்று ஆகியிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணி. அங்கேயே போலீஸில் நடந்ததைச் சொன்னேன். புருஷனே புகார் இல்லை என்கிறாரே, நீங்கள் யார் என்று கேட்டார்கள். கருமாதி அன்று சொந்தக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மங்களூர்ப் பெரியப்பா உங்கள் இருதயத்தைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணிக்கு இருதயம் நன்றாகத்தான் இருந்தது, பாட்டுத் திருவிழாவில் கரண்ட் அடித்துச் செத்தார், அதைச் சொல்ல இவருக்கு வெட்கமாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அண்ணன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்.

"புருஷன் வூடுதான் இல்லன்னு ஆயிடுச்சு. இந்த வூடும் வேணாமா உனக்கு?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணி போன துக்கத்தில் கலாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அவர் சொல்லிவைத்தார். ஊர் அதை நம்பியது. நம்புவதற்கு அதுதான் வசதியாக இருந்தது. வாழாவெட்டிக்குக் கோபம் வந்தால் அதற்குப் பெயர் புத்திக் கலக்கம். உங்கள் பெண் நிவேதாவை என்னிடம் பேசவிடவில்லை. தெருவில் பார்த்தால் அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. ஏன் அந்த மஞ்சள் பனியனை நம்பினீர்கள்? கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதானே போனீர்கள், அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும் என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். அப்போது அந்தக் கோபமும் சேர்ந்து அவர்கள் மேலேயே போய் விழும்.

படம் வந்த அன்று சாயங்காலத்துக்குள் எல்லார் போனுக்கும் அது போய்விட்டது. எஸ்டேட்டில், பள்ளிக்கூடத்தில், பெண்ணாடத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் பார்த்துவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே நிவேதா மாடியேறி வந்தாள். கதவைத் திறந்ததும், "அத்தை, அம்மா இப்பிடி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்கு எல்லாம் சொல்லு" என்றாள். கூடாரம் சரிந்ததிலிருந்து தக்காளி வேன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுது முடித்து முகம் கழுவப் போனபோதுதான், அண்ணன் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மகளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். ரொம்ப இளைத்திருந்தார்.

"அவள நான் ஒளிச்சி வெச்சிட்டேன் கலா" என்றார்.

நான் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. அழுதால் அழட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். பிறகு, புகார் கொடுக்க வருகிறீர்களா இல்லையா என்று மட்டும் கேட்டேன். வருகிறேன் என்றார்.

நேற்று அந்தத் தோப்புப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நானும் நிவேதாவும் பின்னால். கோயம்புத்தூர்ப் பெண்கள் மூன்று பேரும் சொல்லிவைத்தபடி வந்து காத்திருந்தார்கள். பொறுப்பாளரிடம் நீங்கள் பேசியதைத் தாங்களும் கேட்டதாகச் சொல்லத் தயாராக இருந்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் கழித்து ஏன் என்றார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, குடும்பப் பெண், இந்த வயசில், அந்த மாதிரி இடத்துக்கு எதற்காகப் போனார் என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினார்.

"பாட்டு கேக்கப் போனா சார். அவளுக்குப் பாட்டுன்னா உசுரு. நான்தான் பஸ் ஏத்தி வுட்டேன்."

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினார். விழாக்காரர்கள் விளம்பரத்திலிருந்து உங்கள் படத்தை நேற்றே எடுத்துவிட்டார்கள். திருவிழா நிற்குமா என்று தெரியாது. வேறு தோப்பில் நடத்துவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வழக்கு எத்தனை வருஷம் இழுக்குமோ, அதுவும் தெரியாது.

திரும்பி வரும்போது அண்ணன், கோபம் தீர்ந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றேன். அதைத் தீர்த்துக்கொள்ள எனக்கு இஷ்டமும் இல்லை அண்ணி. நீங்கள் இரண்டு தடவை போய்ச் சொல்லியும் கேட்காதவர்களிடம் மூன்றாவது தடவையாகப் போய் நிற்க என்னிடம் இருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அவர்கள் கேட்கிறவரைக்கும் இதை நான் கீழே வைக்கப்போவதில்லை.

கலா