பூனை முடி

இன்று தங்கை நெத்திலிக் கருவாடு வறுத்தாள். அந்த வாசனை அடுப்படியைத் தாண்டி வந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "இன்னாக்கா, கருவாடு புடிக்கலியா?" என்று கேட்கிறாள். பிடிக்கும். கருவாட்டைக் கண்டால் பூனைகளுக்கென்று தலைகளைக் கிள்ளித் தனியாக வைக்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போனவர் நீங்கள். நீங்கள் கண்ணை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. உங்கள் மேலுள்ள கோபம் மட்டும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச் சுரங்கக் கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீட்டில் நாம் குடியிருந்தபோது ஒருநாள் ஏர் பிளாஸ்ட்டில் பின் வரிசை வீட்டுச் சுவர் விழுந்தது. பூமிக்கடியில் பாறை வெடித்து மேலே சட்டி பானை உருளுவது நமக்குப் புதிதில்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் எல்லோரும் கலைந்தார்கள். நீங்கள் மட்டும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். தாய்ப்பூனை நசுங்கிக் கிடந்தது. இரண்டு குட்டிகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தீர்கள்.

"நமக்கே இழுபறி, இதுங்க வேறயா?" என்றேன்.

"கல்லுக்கு அடியில மாட்டிகினு கத்துனா எனக்குத் தாங்காது" என்றீர்கள். உங்கள் அண்ணன் சுரங்கத்தில் பாறைக்கு அடியில் மாட்டிச் செத்தது எனக்குத் தெரியும். நான் போய்க் கொஞ்சம் பாலைச் சுடவைத்தேன்.

ஓயாமல் ஏறி இறங்கியதற்கு கேஜ் என்று பெயர் வைத்தீர்கள், உங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டின் பெயர். கறுப்புக்கு ஷாஃப்ட், அந்தக் கூண்டு இறங்கும் குழியின் பெயர். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் இரண்டும் தெருமுனைக்கு ஓடும். வீட்டுக்கு வந்தால் ஊமைச்சாமியாக உட்கார்ந்திருந்த மனுஷன், பூனைகளிடம் பேச ஆரம்பித்தீர்கள். எத்தனை அடி ஆழத்து லெவலில் சூடு தாங்கவில்லை, எவன் மயங்கி விழுந்தான், எல்லாம் அவற்றிடம் சொன்னீர்கள். நான் அடுப்பருகில் இருந்து கேட்டுக்கொள்வேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உங்கள் வேலை என்னவென்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பிள்ளையில்லாத நம் வீட்டில் பேச்சு சத்தம் கேட்டதே அவற்றால்தான்.

அப்புறம் இருமல் வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் நீங்கள் தூங்கும்போது ஷாஃப்ட் உங்கள் நெஞ்சின்மேல் ஏறிப் படுக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு முனியம்மா சொன்னாள்: "பூன முடி நெஞ்சுல பூந்துகினா இளைப்புதான். மொதல்ல அதுங்கள ஒழிச்சிக் கட்டு." எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. நீங்கள் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் பூனைகளைத் துடைப்பத்தால் அடித்தேன். அவை உங்கள் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. அடித்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"நீ அடிச்சி செத்துகித்துப் போச்சின்னா தங்கத்துல பூன செஞ்சு தானம் குடுக்கணுமாம். நம்ம கிட்ட இல்லாத தங்கமா?" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "உங்க உசிரு பெருசா, பூன பெருசா?" என்று நான் அழுதேன். மறுநாள் நீங்களே இரண்டையும் கோணியில் கட்டினீர்கள். மாரிகுப்பத்தில் ரயிலேறி, நான் இப்போது தங்கையோடு இருக்கும் இதே பங்காருப்பேட்டையில் கூட்ஸ் ஷெட் அருகே விட்டுவிட்டு வந்தீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

நான் பாயை உதறினேன், போர்வையை வெந்நீரில் ஊறப்போட்டேன். ஒரு முடிகூட விடாமல் பொறுக்கினேன். இருமல் நின்றபாடில்லை. கடைசியில் பஜாரில் தனியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்து, "கல்லுத் தூள் நுரையீரல்ல படிஞ்சி கெட்டியாயிடுச்சி. சுரங்க வேலைய விடுங்கன்னு மூணு வருஷம் முன்னாடியே இவர்கிட்ட சொன்னேனே, வீட்ல சொல்லலியா?" என்றார்.

மூன்று வருஷம். பூனைகளைக் கொண்டுபோய் விட்டது அதற்கெல்லாம் பிறகு. தெரிந்தே கோணியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வேல போனா லைன் வீடு போவும். உன்ன இட்டுகினு எங்க போறது? பூனதான் காரணம்னு நீ நம்பிக்கினு இருந்த. இருக்கட்டும்னு வுட்டேன்" என்றீர்கள்.

இன்னொருத்தியாக இருந்தால் தனக்காகத்தானே செய்தார் என்று உருகியிருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பாவத்தை என் கையால் செய்யவைத்துவிட்டு நீங்கள் நல்லவராக உட்கார்ந்திருந்தீர்கள்.

கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு வராமல், பகலெல்லாம் சுவரில் சாய்ந்தே இருந்தீர்கள். கை சும்மா மடியைத் தடவிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல், தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி ரயிலேறினேன். கூட்ஸ் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கேஜ், ஷாஃப்ட் என்று கூப்பிட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்து, "தங்கச்சி நல்லா கீறா" என்றேன்.

நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "கெடச்சுதா?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அன்று நீங்கள் அழுததை வேறு யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் போன மூன்றாம் மாதம் லைன் வீட்டைக் காலி செய்தேன். எந்த வீட்டுக்காக வாயை மூடினீர்களோ அந்த வீட்டுக்கு இப்போது வேறு யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். பூனை முடியால் இளைப்பு வருமென்று இன்றும் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு மட்டும்தான் போயிருக்கும். நாம் நாலு பேரும் எங்கேயாவது இருந்திருப்போம்.