அம்மா அழுத்தும் நாலு நம்பர்

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ‘வெளக்கெண்ணெ’ என்றே கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

உன் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ போய்ச் சேர்ந்தபிறகு அம்மா தினமும் காலையில் அதை ஆன் பண்ணும். உன் போட்டோவும் பேரும் வரும். நீ சொல்லிக்கொடுத்த நாலு நம்பரை அழுத்தும். லாரிக்கு ஸ்டிக்கர் வெட்ட நீ வரைந்த மயில் திரை முழுக்க நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகும்.

ஆயுத பூஜை வந்தது. நீ இருந்தால், "பொட்டோட நிறுத்தும்மா, இதென்ன லாரியா?" என்று கத்துவாய். இந்த வருஷம் கத்த ஆளில்லை. அப்பா லாரிக்குத் தெளித்த மஞ்சத்தண்ணியை, ஓடிக்கொண்டிருந்த உன் கம்ப்யூட்டருக்கும் அம்மா மாவிலையால் தெளித்துவிட்டது. படக்கென்று ஒரு சத்தம். உள்ளே மதர்போர்டு கருகிவிட்டது.

ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. உன் விண்டோஸ், உன் பேர், மயில் எல்லாம் அதில்தானே? நாமக்கல் கடைக்காரர், "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிப் புதுசாப் போட்டுக்கலாங்க தம்பி" என்றார். முடியாது, இருக்கிறது இருக்கிறபடியே வேறு கம்ப்யூட்டருக்கு மாறணும் என்றேன். அப்பா, "பழைய லாரி பாடியப் புதுச் சேசிஸ்ல ஏத்தறாப்லதானடா? ஏறும்" என்றார்.

ஏறவில்லை. கோளாறு என்று நீலத்திரைதான் வந்தது. புதுப் போர்டு டிஸ்க்கைப் படிக்கும் முறையே வேறு. செட்டிங்கில் அதை மாற்றினேன். சுற்றிச் சுற்றி, கடைசியில் உன் போட்டோ வந்தது அண்ணா!

"வந்துட்டானா சாமி!" அம்மா மாவுக்கையோடு ஓடிவந்து நாலு நம்பரை அழுத்தியது.

செல்லாதாம். அந்த நம்பர் கருகிய போர்டோடு கட்டிப்போட்டது. கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. மறந்துபோச்சு என்றால், உன் போன் நம்பருக்குக் கோட் அனுப்புகிறது. அந்த நம்பர் இப்போது யார் கையிலோ.

"நாந்தான் கெடுத்துப்போட்டனா சாமி?"

"இல்லம்மா."

ஃபைல்களை வேறு வழியில் எடுத்துவிட்டேன். மயிலை என் போனில் அம்மாவுக்குக் காட்டினேன். "இது வெறும் படம்டா" என்றது.

என்ன பாஸ்வேர்டு வைத்தாய் அண்ணா? என் பேரைப் போட்டுப் பார்த்தேன். வெளக்கெண்ணெயும் போட்டுப் பார்த்தேன்.

பாஸ்வேர்டு கட்டத்தில் அம்மா இன்னும் அதே நாலு நம்பரைத்தான் காலையில் அழுத்துகிறது. தப்பு என்கிறது. மறுபடி அழுத்துகிறது.

யார் என்ன சொன்னாலும் ஃபார்மட் போட மாட்டேன். திரையில் உன் பேர் வரைக்குமாவது வரட்டும்.

உன் தம்பி,
வெளக்கெண்ணெ