இரண்டாண்டும் ஒரு பிற்பகலும்

வளம் பெருகுக. ஏழு கழிகளும் கடலோடு கலக்கும் ஏழ்கழி நாட்டின் அரசி, மூன்று துறைகளின் காவலர், நண்டுக்கொடி உடையார், துணையரசராய் இருந்து அரசேறிய வெண்கோதையார், தென்கரை வேளும் குடவோலைக் காவலருமான பூழியனார்க்கு விடுக்கும் ஓலை. தென்கரையில் உப்பு வெளுத்து விளைக. வலைகள் கனத்து வருக. தங்கள் மனையாட்டியாரின் முழங்கால் நோவும் தணிக.

தாங்கள் விடுத்த ஓலை வைகாசி ஒன்பதாம் நாள் நம் கைக்கு வந்தது. வரும் ஆனித் திங்களில் மக்கள் அரசர் பெயரையும் துணையரசர் பெயரையும் ஒரே ஓலையில் எழுதிக் குடத்தில் இடவிருக்கிறார்கள் என்றும், அதில் நம் பெயரை எழுத இடமுண்டா என அறிய, முன்னவர் மாசேந்தனார் மறைந்த நாளை நாமே உறுதி செய்து தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முறைமை தாங்கள் அறியாததன்று. எனினும் இவ்வோலையைப் பலர் படிப்பார்கள் ஆதலால் எழுதுகிறோம். முப்பத்தைந்து அகவை நிறைந்தவரே நம் நாட்டில் அரசேறலாம். ஆட்சி நான்காண்டு, இருமுறைக்கு மேல் எவரும் தேர்ந்தெடுக்கப்படார். அரசர் இடையில் மறைந்தால், அவர் மறைந்த கணத்திலிருந்து துணையரசர் ஆட்சி எண்ணப்படும். எஞ்சிய காலம் இரண்டாண்டைக் கடந்தால் அதுவே ஒருமுறை எனக் கொள்ளப்படும். கடவாவிடில் கணக்கில் இல்லை. மாசேந்தனார்க்காக முரசு ஒலித்தது ஆவணி முதல் நாள் விடியலில். அன்றிலிருந்து அவர் காலத்தில் எஞ்சியது சரியாக இரண்டாண்டு. பின்னர் மக்கள் நம்மை ஒருமுறை தேர்ந்தார்கள். ஆகவே இன்னும் ஒருமுறை நிற்கலாம் என்று அமைச்சர்கள் விரல் மடக்கி எண்ணி மகிழ்ந்தார்கள். துணையரசர் ஆதனார் அகவை முப்பத்தாறே ஆன பிள்ளை என்றும், அவரிடம் நாட்டை விட்டுவிடலாகாது என்றும் விண்ணப்பித்தார்கள். நாமும் முப்பத்தாறு கடந்துதான் வந்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஆசையில்லை என்று எழுதினால் பொய்யாகும். வடகழி அணை பாதி எழும்பி நிற்கிறது. விடியலில் மாடத்தில் நின்றால் பனிக்குள் படகுகள் தண்ணீரில் போகின்றனவா காற்றில் போகின்றனவா என்றே தெரிவதில்லை. துடுப்பு வலிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கைகாட்டுகிறார்கள். இன்னும் நான்காண்டு இதைப் பார்க்க மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

பூழியனாரே, இனி வருவதை நாம் என்று எழுதக் கை வரவில்லை. நான் என்றே எழுதுகிறேன்.

மாசேந்தனார் மறைந்தது ஆவணி முதல் நாளில் அல்ல. அதற்கு முந்தின நாள், ஆடிக் கடைசி, பிற்பகல். சாளரத்துக்கு வெளியே வெயிலடிக்கும்போதே தூறிக்கொண்டிருந்தது; கழிநீரின் ஒளி அறையின் கூரையில் மெல்ல அலைந்தது. படகுகள் திரும்பினவா என்று வினவினார். திரும்பின என்றேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவர் சிரித்துக் கண்மூடினார். மூச்சு எப்போது நின்றது என்று அருகிலிருந்த எனக்கே தெரியவில்லை. மருத்துவர்தாம் நாடி பார்த்துச் சொன்னார்.

முரசு ஒலித்த கணமே துணையரசர் எழுந்து அரியணைக்குச் செல்லவேண்டும், இறந்தவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தல் ஆகாது என்பது நம் வழக்கம். வடகழி அணைக்கு இட்ட அடிக்கல் நில்லாது என்றார் அவர்; நிற்கும் என்று அன்று காலையில்கூட அவரோடு சண்டையிட்டிருந்தேன். உடனே எழுந்து போக என்னால் முடியவில்லை. மருத்துவரை வாய்மூடியிருக்கச் சொல்லிவிட்டு, விடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஆண்டுக்கணக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

அந்த மருத்துவரும் சென்ற மாசியில் மறைந்தார். இன்று இதை அறிந்தவள் நான் ஒருத்தியே. பேசாதிருந்தால் போதும். சில நாளாய் அந்தப் பிற்பகல் நடக்கவேயில்லை என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். அது நடக்கவில்லை என்றால், நான் அவர் கையைப் பிடித்திருந்ததும் நடக்கவில்லை என்றாகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆதலின் நம் ஆணை. மாசேந்தனார்க்குப்பின் நாம் அமர்ந்த காலம் இரண்டாண்டும் ஒரு பிற்பகலும். அது ஒருமுறை என எண்ணப்படுக. வெண்கோதை என்னும் பெயர் இனி எந்தக் குடவோலையிலும் எழுதப்படலாகாது. முரசு மண்டபத்து ஏட்டில் அவர் மறைந்த நாள் திருத்தப்படுக. மக்கள் ஆதனாரைத் தேர்ந்தால், அணையின் அடிக்கல் சரிகிறது என்று அவரிடம் சொல்க. மாசேந்தனார் சொன்னதே சரி.

இன்னும் ஒன்று. நம் ஆட்சி முடியும் நாளும் ஆடிக் கடைசியே. அன்று பிற்பகலில், அவருக்கு ஒலிக்கவிடாமல் நான் நிறுத்திவைத்த முரசு ஒலிக்கட்டும். கேட்டதும் எழுந்துவிடுவேன். இம்முறை திரும்பிப் பார்க்கமாட்டேன்.

நண்டு முத்திரை இட்டது. ஓலையும் எழுத்தும் என் கையே.

வெண்கோதை