ராணிக்கு ஒரு குட்டி போதும்

செவ்வாய்க்கிழமை

ஷா ஆலம் லாயத்தில் இன்று சினைக்குதிரை ராணியை ஸ்கேன் செய்தேன். திரையில் இரண்டு கருக்கள். குதிரையின் சொந்தக்காரர் முத்து அங்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. "தினம் இரட்டை வாழைப்பழமா பார்த்து ஊட்டினேன்லா, டாக்டர்!" என்றார்.

குதிரையின் வயிறு இரண்டைத் தாங்காது. அப்படியே விட்டால் பெரும்பாலும் இரண்டுமே கலைந்துவிடும், தாய்க்கும் ஆபத்து. ஒன்றை இப்போதே நசுக்கிவிட வேண்டும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"நீங்களும் பொம்பளதானே, எப்படி மனசு வருது?"

"பொம்பளங்கிறதாலதான் தாயைப் பார்க்கிறேன், அங்கிள்."

"என்னமோ செய்ங்க. பாவம் உங்களுக்குத்தான்."

"எனக்கே இருக்கட்டும். ராணியைப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். உள்ளே கைவிட்டு ஒன்றை நசுக்கி முடித்தேன். மற்றக் கரு பத்திரமாக இருக்கிறது.

கிளம்பும்போது மீதிப் பழச்சீப்பைக் குப்பையில் போடப் போனார். வாங்கி வந்துவிட்டேன். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அதைப் பார்த்ததும் மாமியார் அலறினார். "தொடாதே! இரட்டைப் பிள்ளை பிறக்கும்!" கல்யாணமான நாள் முதல் இதே தடைதான்.

அவர் எதிரிலேயே ஒரு இரட்டைப் பழத்தை உரித்து நிதானமாகத் தின்றேன். பிறகு இன்னொன்றையும் உரித்தேன்.