நூற்றைம்பது சுற்று

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சௌக்கியம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலுக்காகப் பஸ் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், நாள் முழுக்க மற்றவர்கள் வேலையில் குறை சொல்கிறாராம், அதற்கு அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. எனக்குத் தொழிற்சாலையில் அதே எலாஸ்டிக் பிரிவுதான். உன் தங்கையின் ராக்கெட் பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஜெயித்தாள், ஆனால் கோப்பை இப்போது நம் வீட்டில் இல்லை, அதற்குக் காரணம் நான். பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன்.

சிறுவர் மன்றத்துக் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இரண்டு நைலான் கயிறு கட்டி, பிள்ளைகள் கட்டையில் செதுக்கிய ராக்கெட்டுகளை அதில் தொங்கவிடுவார்கள். உள்ளே ரப்பர் பட்டை, வாலில் சின்ன விசிறி. ரப்பரை முறுக்கி விட்டால் விசிறி சுழன்று ராக்கெட் கயிற்றோடு ஓடும். ஆளாளுக்கு முறுக்கினால் சண்டை வரும் என்று மன்றத்து டீச்சர் கை டிரில்லை என்னிடம் கொடுத்து, எல்லாவற்றுக்கும் நூற்றைம்பது சுற்று நீங்களே வையுங்கள் என்றார். ரப்பரும் மன்றம் கொடுப்பது மட்டும்தான், அறுந்தால் டீச்சரிடமே வேறு வாங்க வேண்டும். இதைச் சொன்ன அன்று உன் தங்கை காய்ச்சலில் படுத்திருந்தாள், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார்கள், நான் மறந்தே போனேன்.

கடைசி ஓட்டம் அவளுக்கும் நம் தெரு வெல்டர் மகளுக்கும். ரப்பர் நைந்திருக்கிறதே என்று, நீ பார்சலில் அனுப்பிய பட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. எண்பது சுற்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மன்றத்து ரப்பர் அந்நேரம் முரண்டு பிடிக்கும், இது பிசைந்த மாவு போல இழுத்த இழுப்புக்கு வந்தது. இருபது வருடம் எலாஸ்டிக் பிடித்த கைக்கு இது தெரியாதா. நிறுத்தியிருக்கலாம். நூற்றைம்பதையும் முடித்துத்தான் கொடுத்தேன். வெல்டர் மகள் ஒரு முழத் தூரத்தில் தோற்றாள், யாரையும் பார்க்காமல் தன் ராக்கெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் மனசு கேட்கவில்லை, மூன்றாம் நாள் டீச்சரிடம் சொன்னேன். பிள்ளைங்க விளையாட்டுதானே, விடுங்க என்றார். நான் விடவில்லை, வீட்டுக்கு வந்து உன் தங்கையிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. கோப்பையைத் துடைத்து, தானே கொண்டுபோய் வெல்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"முறுக்கும்போதே உனக்குத் தெரியும்ல? அப்பவே சொல்லியிருந்தா வேற ரப்பர் மாட்டியிருப்பேன்ல. ஏம்மா ஓடவிட்ட?"

அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்கிறார் அப்பா, அவருக்கு என்ஜினும் பெண்பிள்ளையும் ஒன்று. என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. நீ போய் நான்கு வருடமாகிறது. நீ அனுப்பியது ஒன்று என் கையில் முறுக்கேறி நின்றது, அது எதிர்ச்சுவர் வரைக்கும் போய்ச் சேருவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக ஊரார் பிள்ளையைத் தோற்கடித்தேன், பெற்ற பிள்ளையை எல்லோர் முன்னாலும் கோப்பையைத் தூக்கிக் காட்ட விட்டேன். வெட்கமாக இருக்கிறது. உனக்கு எழுத முடிகிறது, அடுத்த அறையில் இருப்பவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நீ அவளுக்கு எழுதினால் எனக்காகப் பரிந்து பேசாதே. பல்வலியைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

தபாலில் போடுவது எப்போதும் அவள்தான். இதை ஒட்டாமல் கொடுத்து, படித்துவிட்டுப் போடு என்று சொல்லப் போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா